மூலை வெட்டும் மேடம்

அந்த அம்மாள் கையில் ஒரு கத்தரிக்கோல் கிடைத்துவிட்டால் போதும், மேஜைமேல் இருக்கிற எதற்காவது ஒரு மூலை போய்விடும். கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில், மருந்துச் சீட்டு, எங்கள் கம்பெனி கொடுத்த காலண்டர் என்று எதற்கும் வலதுபக்க மேல்மூலை இருக்காது. முதல் தடவை அந்த அறைக்குள் போனபோது உள்ளே எலி இருக்கிறது என்றே நினைத்தேன். வெளியே வந்து செக்யூரிட்டியிடம் சொல்லவும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, "எலி இல்ல சார், மேடம்" என்றார்.

நான் மரபணு படிக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன். காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவன். பெங்களூரில் எந்த ஆராய்ச்சிக்கூடத்தில் இந்த இயந்திரம் மக்கர் பண்ணினாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என் பிழைப்பு. மேடம் மரபணு விஞ்ஞானி. ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பரம்பரையாக வரும் தசை நோய்களைப் பற்றி ஊருக்கு வடக்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். இத்தனை வருஷப் பழக்கத்தில் ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருக்கு நான் சர்வீஸ்தான். போனில் இப்படித்தான் ஆரம்பிப்பார்.

"சர்வீஸ், கெளம்பிட்டியா?"

"எங்க மேடம்?"

"இங்கதான். உன் மெஷின் பொய் சொல்லுது."

இதுதான் அவருடைய புகார், எப்போதும் இதே வார்த்தைதான். மற்றவர்கள் எல்லாம் லேசர் சரியில்லை, சூடு ஏறுகிறது, திரையில் சிவப்பு விளக்கு வருகிறது என்று முறையாகச் சொல்வார்கள். இவருக்கு மட்டும் இயந்திரம் பொய் சொல்லும். ஹெப்பாள் மேம்பாலத்தில் வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, வெயிலில் வெந்து, போய்ச் சேர்ந்து பார்த்தால் பத்தில் ஒன்பது தடவை இயந்திரம் அரிச்சந்திரன் மாதிரி இருக்கும். "ஒண்ணும் இல்ல மேடம், நல்லாத்தான் ஓடுது" என்றால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "நல்லா ஓடுதுன்னு எனக்குச் சொல்லாத. எங்க தப்பு பண்ணும்னு சொல்லு" என்பார். பத்தாவது தடவை அவர் சொன்னது சரியாக இருந்து தொலைக்கும். அதனால் போகாமலும் இருக்க முடியாது.

மூலை வெட்டும் இந்த வியாதி எப்படி வந்தது என்று அவரே ஒருமுறை சிரித்துச் சிரித்துச் சொன்னார். அவர் வேலைக்கு வந்த காலத்தில் மரபணுவைப் படிக்க இயந்திரமே கிடையாது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே கூழ் மாதிரி ஒன்றை ஊற்றி உறையவைப்பார்களாம். மரபணு முழுக்க ஏ, சி, ஜி, டி என்று நான்கே எழுத்துதான் என்பதால், அந்தக் கூழில் எழுத்துக்கு ஒரு தடமாக நான்கு தடங்கள். மரபணுத் துண்டுகளில் கதிர்வீச்சுப் பொருளைக் கலந்து ஓடவிட்டு, மேலே எக்ஸ்ரே ஃபிலிமை வைத்து, இருட்டறையில் கழுவி எடுத்தால் ஏணிப்படி மாதிரி கறுப்புக் கோடுகள் விழும். கோடு எந்தத் தடத்தில் விழுந்திருக்கிறதோ அதுதான் எழுத்து. கீழிருந்து மேலே ஒருத்தர் ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்ல, இன்னொருத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் முழுக்கக் கத்தினால் ஒரு முழம் தேறும். இன்றைக்கு நான் கொண்டுவந்து நிறுத்துகிற இயந்திரம் ஒரு முழு மனிதனைப் படித்துவிட்டு அடுத்த ஆளைக் கேட்கிறது.

ஃபிலிம் ஒளி ஊடுருவுகிற சாமான். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒருநாள் அவசரத்தில் மேடம் அதைத் திருப்பிப் போட்டுவிட்டார். இடம் வலமாகிவிட்டது. ஏ என்று படிக்கவேண்டியதெல்லாம் டி. சி எல்லாம் ஜி. ஒரு எழுத்துகூடச் சரியில்லை, ஆனால் படித்தால் படிக்க வந்தது. அங்கேதான் வம்பு. ஏற்கெனவே தெரிந்த எந்த மரபணுவோடும் அது ஒத்துப்போகவில்லை. உலகத்தில் யாரும் பார்க்காத புது மரபணு கிடைத்துவிட்டது என்று கூடமே குதித்திருக்கிறது. அப்போது தலைவராக இருந்த பெரிய விஞ்ஞானி தன் கையால் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்திருக்கிறார்.

"அடுத்த வாரம் அந்த ஃபிலிமை ஜன்னல்ல வச்சுப் பாக்கறேன் சர்வீஸ், லேபிள் ஒட்டியிருந்த அடையாளம் அந்தப் பக்கம் இருக்கு. மைசூர்பாகு எல்லாருக்கும் ஜீரணமே ஆயிருக்கும். யார்கிட்ட போயி என்னன்னு சொல்றது?"

"என்ன பண்ணீங்க மேடம்?"

"என்ன பண்றது, சொன்னேன். ஒரு வருஷம் என்னை மைசூர்பாகுன்னே கூப்பிட்டாங்க."

அன்றைக்குப் பிடித்தார் கத்தரிக்கோலை. ஃபிலிமை இருட்டறையில் வைக்கும்போதே வலதுபக்க மேல்மூலையை ஒரு வெட்டு. வெட்டு வலது கைப் பக்கம் இருந்தால் ஃபிலிம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஃபிலிமும் போயிற்று, இருட்டறையும் போயிற்று, அங்கே இப்போது காப்பி மெஷின் நிற்கிறது. அவர் கை மட்டும் நிற்கவில்லை. திருப்பிப்போட்ட அந்த ஃபிலிமையே சட்டம் போட்டுத் தன் அறைச் சுவரில் மாட்டியிருந்தார். மூலை வெட்டாத ஒரே பொருள் அந்த அறையில் அதுதான் என்று நினைத்திருந்தேன். கிட்டத்தில் போய்ப் பார்த்தால், பிற்பாடு அதையும் வெட்டியிருக்கிறார்.

உட்காரமாட்டார். நாற்காலி என்பது பையை வைக்க. இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டே சாப்பிடுவார். கூட்டத்தில் மற்றவர்கள் பேசும்போது பின்னால் சுவரோரம் போய்ப் போய் வருவார். பேசுகிறவருக்குத் தலை சுற்றும். எதைச் சொன்னாலும், "மறுபக்கம் பாத்தியா?" என்று கேட்பார். மரபணு இரண்டு இழை, ஒரு பக்கம் படித்ததை எதிர்ப்பக்கமும் படித்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் நம்பலாம் என்பது தொழில் சுத்தம். மேடம் அதைத் தொழிலோடு விடவில்லை. காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் ஒரு கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கடைக்காரரின் பிராணனை வாங்குவார். ஒருமுறை தெரியாத்தனமாக, என் மனைவி காரணமே இல்லாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று புலம்பிவிட்டேன். "மறுபக்கம் பாத்தியா சர்வீஸ்?" என்றார். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம். சாயங்காலம் முழுக்க மறுபக்கம் ஓடியது.

இதுவரைக்கும் அவர் எனக்கு தலைவலி தருகிற ஒரு வாடிக்கையாளர், அவ்வளவுதான். எல்லாம் மாறியது என் தங்கை மகனால்.

என் தங்கை ஸ்டெல்லாவைப் பொம்மனஹள்ளியில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை அமல்ராஜ் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்துச் சட்டைக்கு வெட்டுகிற வேலை. நல்ல மனிதன், ஆனால் அம்மா பேச்சைத் தாண்டமாட்டான். அவர்களுக்கு ஒரு பையன், ஜோயல். தலை நிற்கவேண்டிய வயதில் அவனுக்குத் தலை நிற்கவில்லை. தூக்கினால் கைகால் எல்லாம் துவண்டு, ஈரத்துணி மாதிரி தோளில் கிடப்பான். கண் மட்டும் துறுதுறுவென்று எல்லோரையும் பார்க்கும். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனார்கள். தசை நோய் என்றார்கள், எந்த நோய் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கு வேறு யாரைத் தெரியும்? மேடத்திடம் கூட்டிக்கொண்டு போனேன்.

ஜோயல் அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பிடிக்கிற பலமே கிடையாது, இரண்டு விரல்தான் மடங்கும். அந்த அம்மாள், ஓர் இடத்தில் நிற்கத் தெரியாத அந்த அம்மாள், அவனாக விடுகிறவரைக்கும் குனிந்தபடியே அசையாமல் நின்றார். ஸ்டெல்லா, "எடுத்துடவா மேடம்?" என்றாள். "வேணாம், இருக்கட்டும்" என்றார்.

பையன் ரத்தம் எடுத்தார்கள், ஸ்டெல்லா ரத்தம் எடுத்தார்கள். அமல்ராஜ் கையை நீட்டவில்லை. "எனக்கு எதுக்கு மேடம்? நான் நல்லாத்தான இருக்கேன்?" என்றான்.

"உங்க சம்சாரமும்தான் நல்லா இருக்காங்க. அவங்க கொடுக்கலியா?"

அவன் வெளியே போய் நின்றுகொண்டான்.

அப்போது நான் புதிதாக ஓர் இயந்திரம் நிறுத்தியிருந்தேன். மரபணுவைப் பொடிப்பொடியாக நறுக்கி, எல்லாப் பொடியையும் ஒரே சமயத்தில் படித்து, திரும்ப ஒட்டிப் பார்க்கிற ரகம். என் கையால் திருகாணி முடுக்கி, மட்டம் பார்த்து நிறுத்திய இயந்திரம். அது பாதி பதில்தான் சொன்னது. இந்த மாதிரி நோய் வரவேண்டுமானால் அம்மாவிடமிருந்து வருகிற பிரதியிலும் கோளாறு இருக்கவேண்டும், அப்பாவிடமிருந்து வருகிற பிரதியிலும் கோளாறு இருக்கவேண்டும். ஸ்டெல்லா கொடுத்த பிரதியில் ஒரு எழுத்து மாறியிருந்தது. அடுத்த பிரதியில் எல்லா எழுத்தும் சரியாக இருந்தது. ஒன்றுமே கிடைக்கவில்லை.

மேடம் படித்துப் படித்துச் சொன்னார், ஒரு பக்கக் கோளாறால் மட்டும் பிள்ளை இப்படி ஆகாது, மறுபக்கமும் ஏதோ இருக்கிறது, இயந்திரத்துக்குத் தெரியவில்லை என்று. யார் கேட்டார்கள்? ரிப்போர்ட்டில் இருந்தது ஸ்டெல்லா பெயர் மட்டும்தானே. மாமியார் அக்கம்பக்கத்தில் எல்லாம் சொன்னாள், "நான் அப்பவே சொல்லல? இப்ப மெஷினே சொல்லிடுச்சு. இவ ரத்தம்தான்." நான் நிறுத்திய இயந்திரம் என் தங்கைக்கு இந்தப் பெயரை வாங்கிக்கொடுத்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜோயல் இரண்டு வயது நிறைவதற்குள் போய்விட்டான். அடக்கம் முடிந்து சில வாரத்தில் ஸ்டெல்லா பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். போகச் சொன்னார்களா, தானாக வந்தாளா என்று நான் கேட்கவில்லை. அமல்ராஜ் கூட்டிப்போக வரவில்லை.

நாங்கள் மறக்கப் பார்த்தோம். மேடம் விட்டால்தானே! புது ரசாயனம் வந்திருக்கிறது, இன்னொரு தடவை ஓட்டுகிறேன் என்பார். புது மென்பொருள் வந்திருக்கிறது, இன்னொரு தடவை பார்க்கிறேன் என்பார். அமல்ராஜ் மனம் மாறினானா என்பார். ஒவ்வொரு தடவையும் ஜோயலின் மரபணு வைத்திருந்த குழாய்களில் ஒன்று காலியாகும். ஒவ்வொரு தடவையும் அதே பாதி பதில். ஸ்டெல்லா என் கைபேசி அடித்தாலே முகத்தைப் பார்ப்பாள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் அறை வாசலில் நின்று கத்தினேன்.

"போதும் மேடம்! பையன் மண்ணுக்குள்ள போயிட்டான். அவனை இன்னும் எத்தனை தடவை நறுக்குவீங்க? உங்களுக்கு ஆராய்ச்சி, எங்களுக்கு அது சாவு வீடு!"

மாணவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மேடம் நடையை நிறுத்தினார்.

"பாதி பதிலுக்கு உன் தங்கச்சி முழுசா அடி வாங்கறா சர்வீஸ். எனக்கு எப்படிச் சோறு எறங்கும்?"

நான் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அன்றோடு அவர் நிறுத்திக்கொண்டார். ஒரே ஒரு குழாய்தான் பாக்கி இருந்தது, அடியில் ஒரு துளி. அதன் லேபிளில் மூலை வெட்டி, ஆழ்குளிர்ப் பெட்டியில் தனித் தட்டில் வைத்தார். பிறகு வருஷக்கணக்கில் அதைத் தொடவில்லை. இரண்டு மூன்று முறை புது இயந்திரங்கள் வந்தன. மாணவர்கள், "மேடம், அந்தப் பையனோடத ஓட்டிப் பாக்கலாமா?" என்றால், "கையை ஒடிச்சுடுவேன்" என்பார். எதையும் இன்னொரு தடவை ஓட்டாமல் இருக்கமுடியாத மனுஷி அந்த ஒரு துளிக்காக மட்டும் காத்துக்கொண்டிருந்தார். காத்திருப்பது அவருக்குக் கொஞ்சமும் ஒத்துவரவில்லை. குளிர்ப்பெட்டி இருந்த தாழ்வாரத்திலேயே நடப்பார். அந்தப் பெட்டியின் கம்ப்ரசர் லேசாக முனகினாலும் எனக்குப் போன் வரும். அது என் கம்பெனிச் சாமானே இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

பிறகு உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்தக் குட்டி இயந்திரம் வந்தது. ஸ்டேப்ளர் அளவுதான் இருக்கும். மரபணுவை நறுக்காமல், நீள நூலாகவே நுண்ணிய துளை வழியே இழுத்து, போகப் போகப் படிக்கும். முதல் வருஷம் மேடம் அதைக் கரித்துக்கொட்டினார். பொய் சொல்லுது, புளுகுது, உளறுது என்று எனக்குப் போன் மேல் போன். கம்பெனி திருத்தித் திருத்திக் கொண்டுவந்தது. தன் ரத்தத்தையே எடுத்து ஓட்டி, மறுபக்கம் பார்த்து, திரும்ப ஓட்டி, கடைசியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"சர்வீஸ், இப்ப இதுகிட்ட ஜோயலைப் பத்திக் கேக்கலாம். நறுக்கினா தெரியாத ஏதோ அவன் மரபணுவுல இருக்கு. நீள நூலாப் படிச்சாத் தெரியும். ஆனா குழாய்ல இருக்கறது பழைய சரக்கு, நூல் அறுந்து அறுந்து இருக்கும். ஒரு தடவை ஓட்டினா தீர்ந்துபோயிடும், கெடச்சாலும் போச்சு, கெடைக்கலன்னாலும் போச்சு. அப்பன் ரத்தம் புதுசாக் கெடச்சா தொல்லையே இல்ல."

அமல்ராஜைப் பார்க்க இரண்டு பேரும் பொம்மனஹள்ளிக்குப் போனோம். கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றோம். நான் நின்றேன், மேடம் நடந்தார். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தான். இளைத்திருந்தான்.

"தெரிஞ்சு என்ன மேடம் ஆகப் போகுது? ஜோயல் வரப் போறானா?"

"வரமாட்டான்பா."

"அப்புறம்? எங்கிட்டயும் இருக்குன்னு வந்தா எங்கம்மா செத்துடும். ஹோகலி, போனாப் போகட்டும் விடுங்க மேடம். முடிஞ்சது முடிஞ்சுபோச்சு."

"உன் அம்மா சாகமாட்டாங்கப்பா. உன் பொண்டாட்டிதான் தெனம் கொஞ்சம் செத்துட்டிருக்கா."

அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். எனக்கு அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தவேண்டும் போல இருந்தது.

ஸ்டெல்லாவிடம் கேட்கும் வேலையை மேடம் என்னிடம் விடவில்லை. அவளை வரச் சொல்லி, குளிர்ப்பெட்டியைத் திறந்து, புகை மாதிரி குளிர் வெளியே வர, அந்தத் தட்டைக் காட்டினார். ஸ்டெல்லா தொடவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் போயி மெழுகுவத்தி ஏத்தறேன் மேடம். அங்க மண்ணுதான் இருக்குன்னு எனக்குத் தெரியும். இவன் இங்க இருக்கான்ற நெனப்புலதான் அங்க அழாம வர்றேன்."

"அதனாலதாம்மா கேக்கறேன். நீ வேணாம்னா தொடமாட்டேன். உறுதியாக் கெடைக்கும்னும் சொல்லமாட்டேன்."

ஸ்டெல்லா தன் கையாலேயே பெட்டியை மூடினாள். பிறகு, "எடுத்துக்கோங்க. என் ரத்தம் மட்டும் இல்லன்னு என் புள்ள வாயாலயே வரட்டும்" என்றாள். அங்கே அழவில்லை. பஸ்ஸில் அழுதாள்.

வியாழக்கிழமை காலை ஓட்டுவதாக முடிவானது. முந்தின நாள் எனக்குப் பதைப்பு தாங்கவில்லை. அமல்ராஜுக்குப் போன் போட்டேன். திட்டத்தான் போட்டேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "மாப்ள, நாளைக்கு ஜோயலோட கடைசித் துளியும் முடியுது. உனக்குத் தெரியணும்னு சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை எல்லாம் தயார். குட்டி இயந்திரத்தை நான் மூன்று முறை சோதித்துவிட்டேன். ஸ்டெல்லா சுவரில் மாட்டியிருந்த ஃபிலிமுக்குக் கீழே நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். மேடம் குளிர்ப்பெட்டிவரை போவார், திரும்புவார். கையுறையைப் போடுவார், கழற்றுவார். "ஐஸ் போதுமா?" என்பார். "போதும் மேடம்" என்றால், "ஸ்வல்ப இரு" என்று இன்னொரு நடை. மாணவி ஒருத்தி, "மேடம், எடுத்துட்டு வரட்டுமா?" என்றாள். மேடம் மறுபடியும் கையுறையைப் போட்டுக்கொண்டார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. சீக்கிரம் முடித்துத் தொலையுங்களேன், இந்தச் சித்திரவதை எதற்கு என்று நினைத்தேன்.

அப்போதுதான் கதவு திறந்தது. கம்பெனிச் சட்டையோடு, கழுத்தில் அளவு டேப்போடு, மூச்சிரைக்க அமல்ராஜ் நின்றான். ஹோசூர் ரோட்டுக் கம்பெனியிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறான். ஸ்டெல்லாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. நேரே மேடத்திடம் போய்ச் சட்டைக் கையை மடித்தான்.

"அவன்கிட்ட எடுக்காதீங்க மேடம். எவ்ளோ வேணுமோ எங்கிட்ட எடுங்க. அவன்கிட்ட மட்டும் எடுக்காதீங்க."

ஸ்டெல்லாவின் கையிலிருந்து ஜெபமாலை தரையில் விழுந்தது. மேடம் சத்தம் போடாமல் கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். குளிர்ப்பெட்டி திறக்கப்படவே இல்லை.

ரத்தம் எடுக்கும்போது அவன் ஊசியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தான். மூலை வெட்டிய ஃபிலிம் அங்கே தொங்கியது. "இது நாட்ச்சா மேடம்?" என்று கேட்டான். "எங்க கட்டிங்ல இப்படித்தான் ஓரத்துல ஒரு வெட்டுப் போடுவோம். எது மேல் பக்கம், எது கீழ் பக்கம்னு தையல்காரங்களுக்குத் தெரியணும்ல. இல்லன்னா பீஸைத் திருப்பி வச்சுத் தச்சுடுவாங்க." மேடம் அவனையே பார்த்தார். பிறகு, நான் பார்த்த வரைக்கும் முதல் தடவையாக, ஒரு நாற்காலியிலிருந்து பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த மைசூர்பாகுக் கதையை அவனுக்கும் சொன்னார். அவன் சிரித்தான், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

விடை அடுத்த வாரம் வந்தது. மேடம் நம்பாமல் அவனை வரவழைத்து மறுபடியும் ரத்தம் எடுத்து, மறுபடியும் ஓட்டினார். அவன் முனகாமல் கொடுத்தான். இரண்டாவது தடவையும் அதேதான். எல்லோரையும் உட்காரவைத்து, அவர் மட்டும் நின்றுகொண்டு சொன்னார்.

"ஒரு எழுத்துகூடக் குறையல. ஒரு எழுத்துகூட மாறல. நடுவுல ஒரு துண்டு மட்டும் அப்படியே திரும்பிக் கெடக்கு. பொடியா நறுக்கிப் படிச்சா எல்லாம் சரியாத்தான் தெரியும். நீளமாப் படிச்சாத்தான், அய்யய்யோ இது தலைகீழான்னு தெரியுது. ஜோயலுக்கு ஸ்டெல்லாகிட்டருந்து ஒண்ணு, உங்கிட்டருந்து ஒண்ணு."

அமல்ராஜ் தலையை ஆட்டினான். "பீஸைத் திருப்பித் தச்சிருக்கு."

"அதேதாம்பா."

"யாரு தப்பு மேடம்?"

"யாரு தப்பும் இல்ல. உங்க அப்பா தாத்தான்னு எங்கருந்து வந்துச்சோ. நாட்ச் போடாத துணி."

அவன் அன்றைக்கே ஸ்டெல்லாவையும் என்னையும் பொம்மனஹள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனான். வாசலிலேயே அம்மாவிடம் சொன்னான், "எங்கிட்டயும் இருந்துச்சும்மா. இத்தனை வருஷமா இவளை மட்டும் சொன்னோம்." அந்த அம்மாள் முதலில் இயந்திரத்தைத் திட்டினாள், பிறகு என்னைத் திட்டினாள், பிறகு சமையலறைக்குள் போய்விட்டாள். நாங்கள் கிளம்பும்போது ஸ்டெல்லாவுக்கு ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். ஸ்டெல்லா குடித்தாள், ஆனால் அங்கே தங்கவில்லை. அவள் அவ்வளவு லேசில் விடுகிறவள் இல்லை. அமல்ராஜ் ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் கோயில் பூசைக்கு வந்து கடைசி வரிசையில் நின்றான். கிறிஸ்துமஸ் கழித்துத்தான் அவனோடு போனாள். இப்போது ஒரு பெண் குழந்தை. என்ன தேடவேண்டும் என்று தெரிந்துவிட்டதால், அவள் கருவில் இருந்தபோதே, ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறாள் என்று மேடம் பார்த்துச் சொன்னார். வழக்கம்போல இரண்டு தடவை பார்த்துத்தான் சொன்னார். அவள் எல்.கே.ஜி. போகிறாள். ஓர் இடத்தில் உட்காரமாட்டாள்.

மேடம் ஓய்வு பெற்ற மறுவருஷம் காலமானார். பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அடக்கத்தின்போது கொடுத்த படம் போட்ட அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, கத்தரிக்கோலை எடுத்து, வலதுபக்க மேல்மூலையை வெட்டினேன். என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் போன் இப்போதெல்லாம் மரியாதையாக அடிக்கிறது. லேசர் சரியில்லை, சூடு ஏறுகிறது என்று முறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. இயந்திரம் பொய் சொல்கிறது என்று சொல்ல ஆள் இல்லாத ஊரில் சர்வீஸ் பண்ணுவது என்ன வேலை என்று இருக்கிறது.

அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். புதிதாக வந்திருக்கிற விஞ்ஞானியிடம் விஷயத்தைச் சொல்லி வைத்திருக்கிறேன். நல்ல பிள்ளை, அந்தத் தட்டை யாரும் அசைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் ஸ்டெல்லா தவறாமல் போன் செய்வாள். ஒரே கேள்விதான்.

"அண்ணா, இருக்கானா?"

போன வாரமும் கேட்டாள். தாழ்வாரத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டே குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். தட்டில், மூலை வெட்டிய லேபிளோடு, அடியில் ஒரு துளி. "இருக்கான்மா" என்றேன். அவள் வைத்துவிட்டாள். பெட்டியை மூடிவிட்டு நாலு எட்டு நடந்தேன். மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து இன்னொரு தடவை திறந்து பார்த்தேன்.